ஒரு கிலோ றெக்கை

புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்த எங்கள் பனையடிப்பட்டி, ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தூக்குச்சட்டியும் மஞ்சப்பையுமாக நூர்தீன் பாய் கோழிக்கடை முன்னால் வரிசை கட்டி நின்றது. அந்த வரிசையில் ஏழாவது ஆளாக நின்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சங்கரபாண்டி, பேரப்பிள்ளைகள் செல்போனில் பார்த்துவிட்டுக் கேட்ட மாதிரியே பொரித்துக் கொடுக்கலாமென்று அரைக் கிலோ றெக்கை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு, தண்ணீர்த்தொட்டி முக்கில் வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார். பை வலது பக்கம் திரும்பியது. முப்பத்திரண்டு வருடம் ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றே டிக்கெட் கொடுத்த மனிதர் என்பதால் அவர் தடுமாறவில்லை. பையை ஒரு இழு இழுத்துப் பார்த்தார், பையும் அவரை ஒரு இழு இழுத்துப் பார்த்தது, இதில் பை சொல்வதுதான் நடக்கும் என்று தெரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்.

பை செக்கடித் தெருவுக்குள் நுழைந்து, நாலாவது வீட்டு வாசலில் நின்று, அவர் கையோடு சேர்ந்து தலைக்கு மேலே எழும்பி, கதவின் மேல்சட்டத்தில் தொம், தொம், தொம் என்று மூன்று தடவை தட்டியது. அது அவருடைய சம்பந்தி வீடு. ஆறு வருடத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில், பாயசம் வருவதற்கு முன்னால் அவர் இலையில் மோரை ஊற்றிவிட்டார்கள் என்பதற்காக, இனி இந்த வீட்டில் கை நனைத்தால் ஏனென்று கேளுங்கள் என்று சொல்லி அவர் எழுந்து வந்த வீடு. கதவைத் திறந்த சம்பந்தியம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, பை அவர் கையிலிருந்து நழுவி, நடையைத் தாண்டி, அடுப்படிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சம்பந்தியம்மா பூண்டு உரிக்க உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்றுதான் சொல்வோம். பெண் பார்க்கப் போகிற வீட்டில் சம்பந்தம் முடிவானால்தான் கை நனைப்போம். மனஸ்தாபம் வந்தால் வக்கீலைப் பார்ப்பது, சட்டையைப் பிடிப்பது எல்லாம் பிறகுதான், முதலில் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிடுவோம். வேறு எந்த வாக்கைக் காப்பாற்றுகிறோமோ இல்லையோ, இதை மட்டும் சாகிறவரை காப்பாற்றுவோம். ஆகவே நூர்தீன் பாய் கடையில் றெக்கையை மட்டும் தனியாக வாங்கினால், அது வாங்கியவரை அவர் கை நனைக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டுக்குக் கூட்டிப்போகிறது என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. கால் இழுப்பதில்லை, நெஞ்சுக்கறி இழுப்பதில்லை, ஈரல் இழுப்பதில்லை. முழுக்கோழியாக வாங்கினால் அதிலிருக்கிற றெக்கையும் இழுப்பதில்லை. ஏன் என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. ஒரு நாளும் பறக்காமல் செத்ததுகள், எங்கேயாவது போகணும்னு இருக்காதா என்று கல்லாவில் இருந்த பாயின் மனைவி ஜொகரா ஒருமுறை சொன்னார், அதற்குமேல் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு இருந்த கேள்வியெல்லாம், ஞாயிற்றுக்கிழமை உலையில் எவ்வளவு அரிசி கூடுதலாகப் போடுவது என்பதுதான்.

ஒரு உழக்கு என்று, கூட்டம் போடாமலே முடிவானது. எந்த வீட்டுக் கதவை எப்போது எந்தப் பை தட்டும் என்று தெரியாததால் எல்லா வீட்டிலும் ஒரு உழக்கு கூடியது, தட்டப்படாத வீடுகளில் திங்கட்கிழமை பழைய சோறு கூடியது. பை இழுத்துப் போகிறவர்களுக்கு இழுப்புக்காரர் என்று பெயர் வந்தது. இழுப்புக்காரர் வந்தால் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன, பஜார் முக்கில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். ஸ்கூட்டரில் வந்து வாங்கிப்போன ஒருவரைப் பை ஹேண்டில்பாரோடு திருப்பிச் சாக்கடையில் இறக்கிவிட்டதால், றெக்கை வாங்குவோர் நடந்து வரவும் என்று பாய் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஆளுங்கட்சி வார்டு செயலாளரும் எதிர்க்கட்சி வார்டு செயலாளரும் ஒரே நேரத்தில் றெக்கை வாங்கி, பாதி வழியில் ஒருவரையொருவர் கடந்து போய், இவர் வீட்டில் அவரும் அவர் வீட்டில் இவருமாகச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போதும் அதே இடத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்து போனார்கள்.

வேதவல்லி டீச்சரின் பை மட்டும் ஒழுங்காக அவர் வீட்டுக்கே போனது. எனக்கு யார்மேலும் எதுவும் கிடையாது என்பதைக் காட்டுவதற்காகவே அவர் வாராவாரம் றெக்கை வாங்கி, பஜார் வழியாக மெதுவாக நடந்து போனார். ஐந்தாவது வாரம் பை அவரைக் கூட வேலை பார்க்கிற கணக்கு டீச்சர் வீட்டுக்கு இழுத்துப்போனது. அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று முந்தின வெள்ளிக்கிழமைதான் சொன்னாராம். லைப்ரரித் தெருப் பையன்கள், மனசுக்குப் பிடித்த வீட்டுக்கு அது கூட்டிப்போகும் என்று நினைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்து வாங்கி, வரிசையாகத் தங்கள் பெரியப்பா வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொல்லாசாரி ஒருவரின் பை நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திருப்பூர் பஸ்ஸில் ஏறி இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தது, அவருடைய தம்பி குடிபோய்ப் பத்து வருடமாகிறது. இன்னொருவரின் பை, அக்கா வீடு இடிந்து காலி மனையாகக் கிடந்த இடத்துக்குப் போய் வேலிமுள்ளில் மூன்று தடவை தட்டியது. அவர் மூன்று செங்கல்லை வைத்து அங்கேயே அடுப்பு மூட்டினார், வழியில் போனவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரி ரோட்டில் இருக்கிற என் மிக்ஸி ரிப்பேர் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோழிக்கடைக்குப் போகவும் செய்தேன். ஒரு வாரம் கால், ஒரு வாரம் எலும்பில்லாக் கறி, ஒரு வாரம் ஈரலும் இரைப்பையும் கலந்து. பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார், எதுவும் சொல்ல மாட்டார். சொல்லவேண்டிய அவசியம் இல்லை. மிக்ஸி கடை வைரவன் தன் தங்கச்சி செண்பகம் வீட்டில் கை நனைக்க மாட்டான் என்பது ஊரில் கோயில் திருவிழாத் தேதி மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் செண்பகத்தின் மகள் கோதைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும், நான்தான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள், அதில் குறையில்லை. ஆனால் டவுனில் சீர் வாங்கிவிட்டு பஸ்ஸில் வந்த நான் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது, பஸ் பிந்திவிட்டது என்றேன். காத்திருந்த ஜனம் பசி தாங்காமல் ஒரு பந்தி உட்கார்ந்து எழுந்துவிட்டது. பிறகு காது குத்தி, சீர் வைத்து, ஃபோட்டோ எடுத்து, நான் இலையில் உட்கார்ந்தபோது தங்கச்சி மாப்பிள்ளை தவமணி தானே வாளியை எடுத்துக்கொண்டு வந்து, அகப்பையை விட்டு அடிவரை துழாவி, என் இலையில் ஒரு றெக்கையை வைத்தார். தாய்மாமன் இலையில் கால் பீஸ் விழவேண்டும். சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேரும் என் இலையைப் பார்த்தார்கள், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. எழுந்தேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். கை கழுவாமலே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் போய்வந்துகொண்டிருந்தது ஒரு மிக்ஸி மட்டும்தான். அவள் தனிக்குடித்தனம் போனபோது நான் வாங்கிக் கொடுத்த மிக்ஸி. வருடத்துக்கு ஒரு தடவையாவது செண்பகத்தின் பக்கத்து வீட்டு அம்மா அதைக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு வீட்டு மிக்ஸி, ஓட மாட்டேங்குதாம் என்பார். எந்த வீடு என்று நான் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். சரிசெய்து, துடைத்து, புது வாஷர் போட்டுக் கொடுத்தனுப்புவேன். சில தடவை உள்ளே ஒன்றுமே இருக்காது, ஒரு ஸ்க்ரூ மட்டும் கத்திமுனையால் யாரோ திருகியதுபோலத் தளர்ந்திருக்கும். அதை முடுக்கிவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் சுபாஷிணி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், விங்ஸ் வாங்கி வையுங்கள், நானே சமைக்கிறேன் என்றாள். லெக் பீஸ் வாங்கி வைக்கிறேனே என்றேன். விங்ஸ்தான் வேணும்ப்பா என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் அம்மா இந்திராணி ஐப்பசி மூன்றாவது வாரத்திலேயே சொல்லியிருப்பாள். நான் பக்கத்து ஊரில் வேறு கடையில் வாங்கலாமா என்று யோசித்து, பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தபோது இந்திராணி துணி மடித்தபடியே சொன்னாள்.

"றெக்கை வாங்க பஸ் ஏறுன மொத ஆளு நீங்களாத்தான் இருப்பீங்க."

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினேன். கோழிக்கடைக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று அவள் கேட்கவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவி, மஞ்சப்பைக்குள் வைத்துக் கையில் கொடுத்தாள்.

கடையில் இருபது பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் ஒரு கிலோ றெக்கை என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் வரிசை முழுக்கப் பேச்சு நின்றது. கூண்டிலிருந்த கோழிகள்கூட ஒரு நிமிடம் சும்மா இருந்தன. பாய் தோலோடவா உரிச்சா என்று மட்டும் கேட்டார், தோலோடு என்றேன். ஒவ்வொரு றெக்கையாக மூட்டில் வைத்து இரண்டாக வெட்டி, நுனியைப் பூனைகளுக்கு எறிந்து, கழுவித் தூக்குச்சட்டியில் நிரப்பி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் வந்து, காலை அகட்டி வைத்து, பையை இறுக்கிப் பிடித்து நின்றேன்.

பை தொங்கியது.

ஒரு கிலோ கறி ஒரு தூக்குச்சட்டியில் எப்படித் தொங்குமோ அப்படித் தொங்கியது. கையை மாற்றிப் பிடித்தேன். கொஞ்சம் பொறுங்க, எனக்கும் முக்கு வரைக்கும் இழுக்கல என்றார் சங்கரபாண்டி. முக்கு வரை நடந்து போனேன், வரிசையில் பாதிப் பேர் கூட வந்தார்கள். முக்கிலும் ஒன்றும் இல்லை. இடமும் வலமும் திரும்பிக் காட்டினேன். காத்தடிக்கிற பக்கம் நில்லுங்கண்ணே என்றார் ஒருவர். அசையாம நின்னா எப்படி, லேசா ஆட்டி விடுங்க என்றார் இன்னொருவர். திரும்பிக் கடைக்கு வந்தோம். ஜொகரா கல்லாவை விட்டு வந்து தூக்கைத் திறந்து பார்த்து, றெக்கைதான் என்று மூடினார். ஒருவேளை இவர் அன்னைக்கு அப்படிச் சொல்லவே இல்லையோ என்று ஒருவர் சந்தேகப்பட, நான் அதே பந்தியில் இருந்தேன், என் காதால் கேட்டேன் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். எனக்காக ஒரு ஸ்டூல் வந்தது. எதிர்க்கடையிலிருந்து ஒரு டீ வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊரில் அத்தனை பேரையும் இழுத்த றெக்கை. வெள்ளிக்கிழமை சண்டை போட்டவரை ஞாயிற்றுக்கிழமை இழுத்த றெக்கை. அதற்கும் நான் வேண்டாதவனாகிவிட்டேனா என்று நினைத்தேன். டீயை ஒரு வாய் குடித்தேன். அப்போது, கையில் கண்ணாடி கிளாஸ் சுடுகிற அந்தச் சூட்டில், நான் இதற்கு முன்னால் ஒருமுறை இப்படியே உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது. காதுகுத்து அன்றைக்கு நான் பிந்திப் போனதற்கு பஸ் காரணம் இல்லை. பஸ் நேரத்துக்கு வந்தது. நான் செண்பகம் வீட்டுக்கு எதிர்வரிசையில், நாலு வீடு தள்ளியிருந்த டீக்கடையில், சீர்த்தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமன் எங்கே, மாமனைக் காணோமே என்று அவர்கள் தேடவேண்டும், தேடி யாராவது தெருவுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகவேண்டும், அதை ஊர் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. நானாகவேதான் எழுந்து போனேன். இலையில் விழுந்த றெக்கை அந்த முக்கால் மணி நேரத்தில் விளைந்ததுதான், கால் பீஸ்கள் எல்லாம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதல் பந்தியில் போய்விட்டன.

இப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். இப்போது கோழி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டீ கிளாஸை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். இழுக்குதா, இழுக்குதா என்று பின்னால் கேட்டார்கள். பை செத்த கனமாகக் கனத்தது. தண்ணீர்த்தொட்டி முக்கில் ஆட்டோக்கள் எனக்காக ஒதுங்கின, போலீஸ்காரர் கையைக் காட்டினார், இழுப்புக்காரர் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். செண்பகம் தெருவில் பழைய டீக்கடை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நீலக் கதவு பச்சையாகியிருந்தது. வாசலில் நின்றேன். உள்ளே குக்கர் விசில் கேட்டது. கையால் தட்டினால், இவர் தானாகவே வந்திருக்கிறார் என்று ஆகிவிடும். ஐம்பத்தாறு வயதில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பையை லேசாக ஆட்டி, அது தானே தட்டியதுபோல, கதவில் மூன்று தடவை இடித்தேன்.

செண்பகம் திறந்தாள். முன்நெற்றியில் நரை வந்திருந்தது. என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள்.

"றெக்கை இழுத்துட்டு வந்துருச்சு," என்றேன்.

"இழுத்துட்டு வந்த றெக்கை மேல் நெலையிலல்ல தட்டும். இது முழங்காலுக்கு நேரா தட்டுது."

"கனம் ஜாஸ்தி. ஒரு கிலோ."

"நீயே ஆட்டுனியாண்ணே?"

நான் ஜெராக்ஸ் கடையைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பிறகு என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, தானாக உள்ளே போகத் தெரியாத அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் செருப்பைக் கழற்றினேன். கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண் நிமிர்ந்து, நீங்கதான் மிக்ஸி மாமாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தன் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இதெல்லாம் உங்க மடியில வச்சா குத்துனாங்க என்றாள். ஆமாம், ரொம்ப அழுத, என் வேட்டியை நனைச்சுட்ட என்றேன். அதை அவள் நம்பவில்லை.

தவமணி வீட்டிலேயே இல்லை என்று நினைத்தேன். பின்வாசலில் குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவிய ஒரு வாளியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் செண்பகம் மிளகு, சோம்பு, வரமிளகாய் எல்லாம் வறுத்து அந்த மிக்ஸியில் போட்டாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, அது ஓட ஆரம்பித்ததும், அந்தச் சத்தத்துக்குள் நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். பஸ் நேரத்துக்கு வந்ததையும், டீக்கடையையும், முக்கால் மணி நேரத்தையும் எதையும் விடாமல் சொன்னேன். சொன்னதுமாச்சு, அவள் காதில் விழாததுமாச்சு என்று இருந்தது. அவள் மிக்ஸியை நிறுத்தினாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஏதோ சொன்ன. மறுபடி சொல்லு."

மிளகாய் நெடியில் இரண்டு பேரும் இருமினோம். வேறு வழியில்லாமல் மறுபடி சொன்னேன். சத்தமில்லாத அடுப்படியில் அது இன்னும் சின்ன விஷயமாக, இன்னும் கேவலமாகக் கேட்டது. அவள் ஜாடியின் மூடியைத் திறந்து விரலால் பொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "வாழையெல எடுக்க மொட்டமாடிக்குப் போனேன். அங்கருந்து பார்த்தா நீ தெரிஞ்ச. ரெண்டாவது டீ குடிச்சிக்கிட்டிருந்த."

"பார்த்தியா? பார்த்துட்டுக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டாத்தான் வருவாராக்கும்னு நானும் எறங்கி வந்துட்டேன்."

முக்கால் மணி நேரம் நான் தனியாக உட்கார்ந்திருந்ததாக ஒன்பது வருடம் நினைத்திருந்தேன். அவள் மாடியில் நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறென்ன வேண்டும் என்று தோன்ற, எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. மறுபடி இருமினோம்.

அதற்குள் வாசலில் யாரோ கையால் தட்டினார்கள். இந்திராணியும் சுபாஷிணியும். நான் தொங்கின பையோடு இந்தப் பக்கம் நடந்த செய்தி, நான் வந்து சேர்வதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டதாம். சுபாஷிணி கையில் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த சாஸ் பாட்டில் இருந்தது, இந்திராணி கையில் ஒரு கிண்ணம் தயிரும் கொத்தமல்லியும். மதினி என்று செண்பகம் கூப்பிட, றெக்கை வாங்கப் போன மனுஷன் றெக்கையோட ஓடிப்போயிட்டாரு, பிள்ளை பசியோட உக்காந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே இந்திராணி நேராக அடுப்படிக்குள் போனாள், இந்த ஒன்பது வருடமும் நேற்று மத்தியானம்போல. உலையில் ஒரு உழக்கு கூடுதலாகத்தான் கிடந்தது, அது போதாது என்று இன்னொரு உழக்கு போட்டார்கள். பாதி றெக்கை அத்தை பொடியிலும் பாதி றெக்கை சுபாஷிணியின் சாஸிலும் பொரிந்தது. எது நன்றாக இருக்கிறது என்று அத்தையும் மருமகளும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இலை போட்டார்கள். பரிமாற அகப்பையோடு தவமணி வந்தார். உரக்கடையில் மூட்டை தூக்குகிற கை அது, எல்லாருக்கும் வைத்துக்கொண்டு வந்து என் இலைக்கு மேலே நின்றது. சட்டியைத் துழாவினார். மேலே உள்ளதைக் கீழே தள்ளி, கீழே உள்ளதை மேலே கொண்டுவந்து, மறுபடி அடிவரை துழாவினார். அதில் இல்லாத ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"மச்சான்," என்றார், "எல்லாமே றெக்கைதான்."

"அதனாலதான் மாப்ள அதையே வாங்கிட்டு வந்தேன். வைங்க."

வைத்தார். ஒரு றெக்கையை எடுத்து, மூட்டில் திருகி, இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற அந்தத் துளிக் கறியை உறிஞ்சினேன். கோழியிலேயே ருசியான இடம் அதுதான் என்பதை நான் ஐம்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். இன்னொன்று கேட்டு வாங்கினேன். மூன்றாவதைத் தவமணி கேட்காமலே வைத்தார்.

அன்றைக்கு என்னை ஏன் றெக்கை இழுக்கவில்லை என்று இன்றைக்கும் கோழிக்கடை வரிசையில் பேசுகிறார்கள். தானா வர்ற ஆளை அது எதுக்கு இழுக்கணும், வீட்டுலருந்து கெளம்புறப்பவே இஸ்திரிச் சட்டை போட்டுட்டாரே என்று ஜொகரா சொன்னாராம். இருக்கலாம். அப்படியில்லை, எனக்கு அதுகூடத் தகுதியில்லை என்று சில நாள் எனக்கே தோன்றும். தோன்றினால் நான் எழுந்து கொஞ்ச தூரம் நடப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் கிளம்பும்போது செண்பகம் தூக்குச்சட்டியைக் காலியாகக் கொடுக்காமல் நாலு றெக்கையும் சோறும் வைத்துக் கொடுத்தாள். மிக்ஸியையும் கொண்டுவந்து கையில் வைத்தாள். காலையில் நன்றாகத்தானே ஓடியது என்றேன். என்னமோ சத்தம் வருது, பார்த்துக் குடு என்றாள். வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமும் றெக்கையே வாங்கிட்டு வரவா என்று கேட்டேன்.

"எதையாச்சும் வாங்கிட்டு வாண்ணே," என்றாள். "கதவ மட்டும் கையால தட்டு."